சொல்தா கேட்ட சொல்

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு எழுபத்து மூன்று. ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரித்துச் சிரித்து அலுத்துப்போய் அப்புறம் விட்டுவிட்டது.

குரு, இன்னாசி சாமி. காரைக்காலுக்குத் தெற்கே கடலோரமாக, கல்லைக் குகைபோல் அடுக்கி மாதா சிலை வைத்த ஒரு கெபி இருக்கிறது. கெபிக்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை. பங்குக் கோயிலும் வேண்டாம், பதவியும் வேண்டாம், செபமும் கொஞ்சம் கடல் காற்றும் போதும் என்று ஆயரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்துவிட்ட மனிதர். லத்தீன் நன்றாகத் தெரியும். கருவாடு காயவைக்கவும் தெரியும். இரண்டில் எது உங்களுக்குச் சோறு போடுகிறது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் கருவாடு என்பார்.

சீடர், சொல்தா பத்திநாதன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களை அந்தப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். பத்திநாதன் பையனாக இருந்தபோது கோயிலில் பூசை லத்தீனில்தான் நடக்கும். அர்த்தம் தெரியாமலே அப்போது எதற்கெல்லாம் ஆமென் சொல்லித் தொலைத்தோமோ என்று வயதான காலத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவுதான், மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இன்னாசி சாமியிடம் லத்தீன் படிக்க வந்துவிட்டார்.

"என்னைக் குருன்னு சொல்லாதீங்க ஐயா, கூச்சமா இருக்கு" என்பார் சாமி.

"ராணுவத்துல எனக்கு மேல இருந்த அதிகாரிக்கு மீசையே முளைக்கலை சாமி. நான் சல்யூட் அடிக்கலையா?" என்பார் சொல்தா.

ஒரு நாள் வந்தவர் நாற்காலியை விரிக்கவில்லை. குடையையும் மடக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"சாமி, எனக்கு ஒரு தமிழ் வார்த்தை வேணும்."

"லத்தீன் வேணாமா?"

"லத்தீன் எனக்கு. தமிழ் புஷ்பத்துக்கு."

மரியபுஷ்பம் அவருடைய மனைவி. அவர் பாலைவனத்திலும் பனியிலும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு அலைந்த காலமெல்லாம் காரைக்காலில் தனியாகப் பிள்ளை வளர்த்தவள். புயல் வந்தாலும் தனியாகத்தான் ஜன்னலைச் சாத்தினாள், பிள்ளைக்கு அம்மை போட்டாலும் தனியாகத்தான் வேப்பிலை ஒடித்தாள். கடைசியில் ஓய்வு பெற்று வந்து இறங்கியவர் பெட்டியை வைப்பதற்கு முன்னால் சொன்னார்: "இனிமே ஒண்ணுன்னா நான் இருக்கேன் புஷ்பம்." அந்த ஒரு வாக்கியத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். பேத்தி கல்யாணம் வரைக்கும்.

"கல்யாணத்துல என்ன ஆச்சு?" என்றார் சாமி. அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோயில் வாசல்ல சரவெடி கொளுத்திட்டாங்க சாமி. சொல்லலை, கிள்ளலை, ஆயிரம் வாலா!"

"நீங்க?"

"நான் எங்க இருந்தேன்? நான் தரையில இருந்தேன். பட்டு வேட்டியோட, மூஞ்சி கம்பளத்துல. எப்படி விழுந்தேன்னு எனக்கே தெரியாது."

"அம்மா?"

"அவ கையில ஆலாத்தித் தட்டு. அப்படியே நின்னுட்டா. ஒரு பொறி பறந்து வந்து முந்தானையில விழுந்திருச்சு. பேண்டு வாசிக்கிறவன் ஊதுறதை நிறுத்திட்டுச் சிரிச்சான் சாமி. சம்பந்தி சிரிச்சாரு. என் பேத்தி முக்காட்டுக்குள்ள சிரிச்சா. எல்லாத்தையும் போன்ல பிடிச்சிட்டானுங்க. என் மானம் கப்பலேறி பாரீஸ் வரைக்கும் போயிடுச்சு."

"அதுக்கா அம்மாவுக்குக் கோபம்?"

பத்திநாதனின் குடை தாழ்ந்தது.

"இல்லை. அவ சிரிக்கலை. ராத்திரி வீட்டுக்கு வந்து, ஓட்டை விழுந்த சேலையை மடிச்சுக்கிட்டே கேட்டா: 'ஆபத்துன்னு வந்தா என்னை விட்டுட்டுப் படுத்துக்குவீங்களா?' நான் உடனே சொன்னேன், 'ரெஃப்ளெக்ஸ், புஷ்பம்'னு. அவ சொன்னா, 'அது என்ன எழவு, தமிழ்ல சொல்லுங்க.' எனக்கு வரலை சாமி. வாயைத் திறந்துக்கிட்டு நின்னேன்."

அதற்குப் பிறகு மரியபுஷ்பம் அவரோடு பேசுவதில்லை. பூனையோடுதான் பேச்சு. "ஐயாவுக்கு இட்லி ஆறுதாம்னு சொல்லு" என்பாள் பூனையைப் பார்த்து. "கரண்ட் பில் கட்டலைன்னா ஐயா இருட்டுல உட்கார வேண்டியதுதான்னு சொல்லு" என்பாள். பூனை இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

இதுகூடப் பரவாயில்லை. பாரீசில் இருக்கும் மகள் வருஷா வருஷம் "என்னோட வந்திடும்மா" என்று கூப்பிடுவாள். "அந்தக் குளிர்ல எவ இருப்பா" என்று மரியபுஷ்பம் வருஷா வருஷம் தட்டிக்கழிப்பாள். இந்தத் தடவை மகள் கூப்பிட்டதும் சரி என்றுவிட்டாள். மாதா கோயில் கொடியேற்றம் முடிந்த மறுநாள் விமானம்.

"திரும்பி வர்றதுக்கு டிக்கெட் போடலை சாமி" என்றார் பத்திநாதன். போர்க்களம் பார்த்த மனுஷன், குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

சாமி நாற்காலியை விரித்து அவரைப் பிடித்து உட்காரவைத்தார். மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"அந்த ஒரு வார்த்தை கிடைச்சாப் போதும் சாமி. எங்க படையில எல்லா தேசத்துக்காரனும் இருந்தான். எவனாவது திடீர்னு திடுக்கிட்டுப் பக்கத்துல இருக்கிறவன் காப்பியைத் தட்டி விட்டுடுவான். பிரெஞ்சுக்காரன் 'ரெஃப்ளெக்ஸ்'ம்பான். இத்தாலிக்காரன் 'ரிஃப்ளெஸ்ஸோ'ம்பான். போர்த்துக்கீசியன் 'ரெஃப்ளெக்ஸோ', ஸ்பெயின்காரன் தொண்டையைக் காறிக்கிட்டு 'ரெஃப்ளேஹோ'. ஜெர்மன்காரன்கூட அதையேதான் முரட்டுத்தனமாச் சொல்லுவான். சொன்னதும் காப்பி போனவன் சிரிச்சிடுவான். முடிஞ்சுது, மன்னிப்பு. அத்தனை பேர் வீட்லயும் ஒரே சாவி தொங்குது. நம்ம வீட்ல மட்டும் இல்லையா?"

"பள்ளிக்கூடப் புத்தகத்துல அனிச்சைச் செயல்னு இருக்கு."

"அதைச் சொன்னா புஷ்பம் போக மாட்டாளா?"

"அதை அம்மாகிட்டதான் கேட்கணும்."

"லத்தீன்ல எங்கிருந்து வந்துது சாமி அது? வேர் தெரிஞ்சா விளக்கமாச் சொல்லலாம்."

"வளையறதுன்னு ஒரு வேர். அதுக்கு முன்னால, திரும்பின்னு ஒட்டிக்கிட்டிருக்கு. திரும்பி வளையறது. அவ்வளவுதான்."

பத்திநாதன் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டது. எழுந்து நாற்காலியை மடக்கினார்.

"ஐயா" என்றார் சாமி. "அது சின்ன வார்த்தை."

"அப்படின்னா?"

"கைக்குட்டை அளவுக்குத்தான் மறைக்கும். பார்த்துக்குங்க."

சீடருக்குப் புரியவில்லை. குருமார்கள் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டு வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார்.

மரியபுஷ்பம் அடுப்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பூனை வெகு பணிவாகப் பக்கத்தில் இருந்தது. பத்திநாதன் நிலைப்படியில் நின்று தொண்டையைச் செருமினார். உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"புஷ்பம், அதுக்குப் பேரு அனிச்சைச் செயல்."

"பள்ளிக்கூடப் புஸ்தகத்தை எனக்குப் பரிமாற வேணாம்னு சொல்லு" என்றாள் அவள் பூனையிடம்.

"லத்தீன்ல அதுக்கு வேர் இருக்கு. திரும்பி வளையறதுன்னு அர்த்தம். நரம்புல சேதி போகுது பாரு, அது மூளை வரைக்கும் போறதே இல்லை, பாதி வழியிலேயே திரும்பி..."

"மூளை வரைக்கும் போறதில்லையாம். கேட்டுக்கோ" என்றாள். பூனைக்கு ஒரு இறால் தலை விழுந்தது.

"விளையாடாத புஷ்பம். படையில சேர்ந்த அறுபத்தெட்டாம் வருஷத்துல இருந்து எனக்குப் பழக்கம் இது. சத்தம் கேட்டா விழணும். விழலைன்னா செத்தோம். என் உடம்புக்கு அவ்வளவுதான் தெரியும்."

அவள் கை நின்றது. பூனையை விட்டுவிட்டு நேராக அவரைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு பார்த்த பார்வை.

"சரி, விழுந்தீங்க. என் முந்தானை எரிஞ்சப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க. எந்த பாஷையில வேணும்னாலும் சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கிறேன்."

பத்திநாதன் உள்ளங்கையைப் பார்த்தார். வியர்வையில் லத்தீன் கலைந்திருந்தது.

"ஐயாவுக்குப் பதில் தெரியலையாம்" என்றாள் அவள் பூனையிடம். மறுபடி இறாலை எடுத்தாள்.

மறுநாள் காலையில் சொல்தா கடற்கரைக்கு வந்த வேகத்தைப் பார்த்து நாய்கள் ஒதுங்கின.

"உங்க படிப்பு ஒண்ணுத்துக்கும் உதவலை சாமி! தமிழும் உதவலை, லத்தீனும் உதவலை. அவ பெட்டி கட்ட ஆரம்பிச்சிட்டா. கம்பளிச் சட்டை வெயில்ல காயுது!"

இன்னாசி சாமி மணலில் குந்தியிருந்தார். பாயில் பரப்பியிருந்த கருவாட்டுக்குப் பக்கத்தில், வெறும் மணலில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கிளிஞ்சல், உடைந்த சிப்பி, மீன் முள். ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடத்தை வழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"நான் ஒருத்தன் வயிறு எரிஞ்சு பேசிக்கிட்டிருக்கேன், நீங்க கிளிஞ்சல் பொறுக்கிக்கிட்டிருக்கீங்க."

"முடிஞ்சிருச்சு ஐயா. இங்க வந்து நில்லுங்க." சுத்தம் செய்த இடத்தைக் காட்டினார். "காக்கா வருது பாருங்க. எனக்குக் கொஞ்சம் காவல் இருங்க."

பத்திநாதன் முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றார். சாமி எழுந்துபோய், அறைச் சுவரில் சாய்த்திருந்த பழைய தகரத்தையும் ஒரு கட்டையையும் எடுத்துவந்தார். காக்கை விரட்டுகிற தகரம்.

"இப்ப நான் இதை அடிக்கப் போறேன்" என்றார்.

"அடிங்க."

"சத்தம் பெருசா வரும். சொல்லிட்டேன்."

"அதான் சொல்லிட்டீங்களே. நான் என்ன பச்சப்புள்ளையா? அடிங்க சாமி."

பத்திநாதன் காலை அகற்றி ஊன்றிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தகரத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

சாமி ஓங்கி ஒரு அடி அடித்தார்.

குடை ஒரு பக்கம் பறந்தது. பத்திநாதன் மணலில் கிடந்தார், குப்புற, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு. வழித்து வைத்த இடத்தில் அளவெடுத்த மாதிரி விழுந்திருந்தார்.

கொஞ்சம் தள்ளி வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். "டேய், சொல்தா விழுந்துட்டாருடா!" என்று ஒருவன் கத்தினான். கொல்லென்று சிரிப்பு.

பத்திநாதன் எழவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று கிடந்தார். சாமி வந்து தூக்கி விடுவார், மன்னிப்புக் கேட்பார் என்று கிடந்தார். மணல் சூடாகக் கன்னத்தில் ஒட்டியது. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தார்.

பாயின் ஓரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. ஒரு கருவாட்டைக் கொத்தி எடுத்துக்கொண்டு பறந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் ஒரு கூட்டமே இறங்கிவிட்டது. சாமியின் ஒரு மாதச் சோறு அது. கொழுத்த வஞ்சிரத் துண்டொன்றை இரண்டு காக்கைகள் சண்டைபோட்டுக்கொண்டு இழுத்தன.

சாமி கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கடலைப் பார்த்தபடி நின்றார்.

"சாமி" என்றார் பத்திநாதன் மணலுக்குள்ளிருந்து. "காக்கா."

"பார்த்தேன்."

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகுது சாமி!"

"ஆமா."

"விரட்டக் கூடாதா?"

"நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க."

"நான் விழுந்து கிடக்கேனே சாமி!"

இன்னாசி சாமி திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"விழுந்தது அப்பவே முடிஞ்சுபோச்சு ஐயா. இப்ப கிடக்கிறது யாரு?"

பத்திநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மணலில் கிடந்தபடியே அவருக்குக் கம்பளம் தெரிந்தது. சிவப்புக் கம்பளம். அதன் மேல் உருண்டு வந்த ஆலாத்தித் தட்டு. புஷ்பத்தின் கால், கல்யாணத்துக்கென்று மகள் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. முந்தானை ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, அது பெரிதாகிக்கொண்டு போவது. அவள் வெறுங்கையால் அதைத் தட்டித் தட்டி அணைத்தது. எல்லாம் அவர் பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது. வெடி ஓய்ந்துவிட்டது என்று காதுக்குத் தெரிந்திருந்தது. கல்யாண வெடிதான் என்று அறிவுக்கும் தெரிந்திருந்தது. சுற்றிலும் சிரிப்பு. எழுந்தால் அத்தனை முகத்தையும் பார்க்கவேண்டும். கம்பளத்தில் முகம் புதைத்துக் கிடப்பது சுலபமாக இருந்தது. அவள் கை சுட்டுக்கொண்டிருந்தபோது அவர் தன் மானத்தைக் காத்துக்கொண்டு கிடந்தார்.

அய்யோ என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. காக்கைகள்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தன.

அவர் எழுந்தார். குடையைத் தேடி எடுத்து, சட்டையெல்லாம் மணலாக, பாயைச் சுற்றிச் சுற்றி ஓடிக் காக்கைகளை விரட்டினார். வலைக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும். அழுதுகொண்டே விரட்டினார்.

சாமி வந்து அவர் தோளைத் தட்டி மணலை உதறிவிட்டார்.

"எங்கயாவது அடி பட்டுச்சா ஐயா?"

"இல்லை சாமி."

"கிளிஞ்சல் ஏதாவது குத்துச்சா?"

அப்போதுதான் பத்திநாதனுக்கு உறைத்தது. வழித்து வைத்த மணலைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். குடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மரியபுஷ்பம் பெட்டிக்குள் எதையோ மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் நேராக வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். தலையில் மணல், மீசையில் மணல்.

"நீ கேட்டியே புஷ்பம், சொல்றேன். முந்தானை எரிஞ்சப்ப நான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"விழுந்தது என் கையில இல்லை. அதை நீ நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி. ஆனா அப்புறம் கிடந்தேன் பாரு, அது நான்தான். எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு கிடந்தேன். நீ தனியா தட்டித் தட்டி அணைச்சதைப் பார்த்துக்கிட்டே கிடந்தேன். எனக்கு வெக்கம் பெருசாப் போச்சு, நீ சின்னதாப் போயிட்டே."

மரியபுஷ்பம் கையிலிருந்த துணியை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கையைக் காட்டு" என்றார் அவர்.

"எதுக்கு?"

"காட்டேன்."

வலது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, சுட்ட இடம் கறுத்து ஆறியிருந்தது. இத்தனை நாளும் அந்தக் கைதான் இட்லி ஊற்றியது. அவர் பார்த்ததே இல்லை. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு டம்ளர் காப்பியோடு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சர்க்கரை கம்மியாப் போட்டிருக்கேன். உங்களுக்கு ஏறிக்கிட்டே போகுது" என்றாள்.

பூனை சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தது. இந்தத் தடவை அதனிடம் சொல்லவில்லை.

பெட்டி மட்டும் கட்டியபடியே இருந்தது. கம்பளிச் சட்டையும் உள்ளே போய்விட்டது. பத்திநாதன் அதைப் பார்த்துப் பார்த்து மருகினார். போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

கொடியேற்றம் அன்று மாலை கோயில் வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மரியபுஷ்பம் அந்தக் கல்யாணச் சேலையையே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஓட்டை விழுந்த இடத்தை அதே நிற நூலால் தைத்திருந்தாள். பத்திநாதன் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கம் இன்னாசி சாமி, வெள்ளை அங்கியில் கருவாட்டு வாசம் லேசாக வர நின்றார்.

கொடி மேலே ஏறும்போது அதிர்வேட்டு போடுவார்கள். இரும்புக் குழலில் மருந்தை இடித்துக் கெட்டித்துத் தரையில் புதைத்துக் கொளுத்துவது. போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும். பத்திநாதனுக்கு அது தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். காலையிலிருந்தே அதை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வீட்லயே இருந்திருக்கலாம்ல?" என்றாள் மரியபுஷ்பம்.

"நீ நாளைக்குப் போயிடுவே. இன்னிக்காவது பக்கத்துல நிக்கிறேன்."

முதல் வேட்டு வெடித்தது.

அவர் விழுந்தார். திருந்தவில்லை, கொஞ்சம்கூடத் திருந்தவில்லை. அதே மாதிரி, குப்புற, தலைக்கு மேல் கை. கூட்டத்தில் யாரோ ஹோ என்றார்கள். சிரிப்பு கிளம்பியது.

சிரிப்பு பாதிகூட வந்திருக்காது. அதற்குள் பத்திநாதன் கையை ஊன்றி எழுந்துவிட்டார். முழங்காலில் ரத்தம், மூக்கில் மண். ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டுத்தடுமாறித் திரும்பி அவள் முந்தானையைப் பிடித்தார். ஓரமெல்லாம் விரித்து விரித்துப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? பொறி கிறி விழுந்துதா? கையைக் காட்டு!"

"எனக்கு என்ன ஆகும்? வெடி எங்கயோ வெடிக்குது" என்றாள் அவள். அவர் கையிலிருந்து முந்தானையை வாங்கி, அதாலேயே அவர் மூக்கைத் துடைத்தாள், புருவத்தைத் துடைத்தாள், மீசையைத் துடைத்தாள்.

"இந்த மண்ணை நான் தட்டி விடாம வேற எவ வந்து தட்டி விடுவா?" என்றாள் எரிச்சலாக. "நம்ம மகளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்காதுன்னு."

பத்திநாதனுக்குக் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. எழுபத்து மூன்று வயதுக்கு அது ஒன்றும் அழகில்லை. அவர் கவலைப்படவும் இல்லை. சாமியைத் தேடித் திரும்பினார்.

"மறுபடியும் விழுந்துட்டேன் சாமி."

"பார்த்தேன்."

"அவளுக்கு இன்னும் நான் அந்த வார்த்தையைத் தமிழ்ல சொல்லவே இல்லை. நீங்களும் கொடுக்கலை."

சாமி பதில் சொல்ல வாயெடுத்தார். அங்கே வேட்டுக்காரன் அடுத்த குழலுக்கு நெருப்பை நீட்டினான். மரியபுஷ்பம் அதை ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். என்ன ஏது என்று நினைத்தாளா, தெரியாது. அவளுடைய இரண்டு கையும் போய்ப் பத்திநாதனின் இரண்டு காதையும் அழுத்திப் பொத்திவிட்டன.

வேட்டு வெடித்தது. தரை அதிர்ந்தது. அவர் முழங்கால் மடங்கியது. விழவில்லை. அவள் அவர் தலையை அப்படி நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

புகை கலைந்தது. கொடி உச்சிக்குப் போய்ப் படபடத்தது. மரியபுஷ்பம் கொடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்க அவளுக்கு நினைவு வரவில்லை.

சாமி என்னவோ சொன்னார்.

"என்ன சாமி?" என்று கத்தினார் பத்திநாதன். "காது கேக்கலை!"

இன்னாசி சாமி அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து இன்னொரு தடவை சொன்னார்.

"நீங்க கேட்ட வார்த்தை ஐயா. உங்க காது மேலதான் இருக்கு."